கேட்கத் தெரிந்த முகம்

1971இல் வெளியான ‘க்ளூட்’ படத்தில் ஜேன் ஃபோண்டா மனநல ஆலோசகரின் எதிரே உட்கார்ந்து பேசும் காட்சிகள் சில வருகின்றன. அவர் ஏற்ற பிரீ டேனியல்ஸ் நியூயார்க்கில் உடலை விற்றுப் பிழைக்கும் பெண். நடிகையாகும் ஆசையில் தேர்வுக்குத் தேர்வு போய்த் தோற்றுத் திரும்புகிறவள். திரைக்கதையில் அந்த ஆலோசகர் ஆணாக இருந்தார். ஓர் ஆணிடம் இவள் வாயைத் திறக்க மாட்டாள் என்று இயக்குநர் ஆலன் பக்குலாவிடம் சொல்லி, அதைப் பெண் பாத்திரமாக மாற்றவைத்தவர் ஃபோண்டா. அக்காட்சிகளைப் படப்பிடிப்பின் கடைசிக்குத் தள்ளிவைக்கச் சொன்னவரும் அவரே. அதற்குள் பிரீ தன்னுள் முழுதாகக் குடியேறிவிடுவாள் என்பது அவர் போட்ட கணக்கு. பிறகு எழுதிவைத்த வசனம் ஏதுமின்றிக் கேமரா முன் பேசினார். தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் கைவிடுகிறார், சிரிக்கிறார், சிரித்ததற்கு வெட்கப்படுகிறார், அந்த வெட்கத்தை இன்னொரு பொய்யால் மூடுகிறார். அமெரிக்க சினிமாவில் ஒரு பெண் தன்னைத் தானே கேட்டுக்கொண்டு பேசுவதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய காட்சிகள் மிகக் குறைவு. படப்பிடிப்புக்கு முன் அவர் பிரீயின் தொழிலில் இருந்த பெண்களோடு சில நாள் சுற்றி, அவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

ஃபோண்டாவைப் பற்றி எழுதுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு அவர் ‘ஹனாய் ஜேன்’, எதிரியின் பீரங்கியில் ஏறி உட்கார்ந்த துரோகி. மற்றக் கட்சிக்கு அவர் எட்டுப் பத்தாண்டுகளைக் கடந்தும் கைவிலங்கோடு புன்னகைக்கும் வீராங்கனை. இரு கட்சியாருமே அவருடைய படங்களை ஒழுங்காகப் பார்ப்பதில்லை என்பது என் புகார். ஏழு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு இருமுறை அதை வென்ற ஒருவரை எடைபோடும்போது நடிப்பை முன்னுரையாக ஒதுக்கிவிட்டு ஊர்வலங்களை மட்டும் எண்ணுகிறார்கள். நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: அவர் எப்போது காதுகொடுத்தார், எப்போது காதைப் பொத்திக்கொண்டார்? திரையிலும் தெருவிலும் அவருடைய ஏற்றமும் சறுக்கலும் இதை ஒட்டியே நடந்திருக்கின்றன.

பூர்வகதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1937இல் பிறந்தவர். தந்தை ஹென்றி ஃபோண்டா, ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ முதல் ‘12 ஆங்ரி மென்’ வரை திரையில் அமெரிக்காவின் மனசாட்சியாக நின்றவர். வீட்டில் அவர் அதிகம் பேசாத மனிதர். 1950இல் தாய் தற்கொலை செய்துகொண்டபோது மகளிடம் மாரடைப்பு என்று சொன்னார்கள். உண்மையைப் பின்னர் ஒரு பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டாள் அந்தச் சிறுமி. சொல்லப்படாததை உற்றுக்கேட்கும் பழக்கம் இங்கே தொடங்கியது என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்களைப் போல முடிச்சுப் போட எனக்குத் துணிச்சல் இல்லை. லீ ஸ்ட்ராஸ்பெர்கிடம் பயிற்சி, 1960இல் முதல் படம், பிறகு ‘கேட் பலூ’, ‘பேர்ஃபுட் இன் தி பார்க்’ போன்ற இலகுவான வெற்றிகள், கணவர் ரோஜே வாதிமின் இயக்கத்தில் ‘பார்பரெல்லா’ (1968). இவற்றில் பார்க்கத் தகுந்த நகைச்சுவை நேரம் இருக்கிறது, அதற்கு மேல் இல்லை. 1969இல் சிட்னி போலாக்கின் ‘தே ஷூட் ஹார்சஸ், டோன்ட் தே?’ வந்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்து நடனப் போட்டியில் களைத்து நொறுங்கும் குளோரியாவாக அவர் நடித்தபோதுதான், இந்த முகத்தில் கசப்பு எவ்வளவு நன்றாக உட்காருகிறது என்பது தெரிந்தது.

அரசியலுக்கு அவர் வந்த வழியும் கேட்டல்தான். 1968இல் பிரான்சில் கர்ப்பிணியாக இருந்தபோது, வியட்நாம் போரை மறுத்து அங்கே வந்திருந்த அமெரிக்கப் படைவீரர்களைச் சந்தித்தார். அவர்களில் ஒருவர் கொடுத்த புத்தகம், அமெரிக்கப் படை ஒரு வியட்நாமிய கிராமத்தை அப்படியே துடைத்தெடுத்ததைப் பற்றி ஜோனதன் ஷெல் எழுதியது. 1970இல் அமெரிக்கா திரும்பியவர் படைமுகாம்களுக்கு வெளியே வீரர்கள் கூடும் காபிக் கடைகளைச் சுற்றிவந்தார். போரெதிர்ப்பாளர்களில் பலர் சீருடையைக் கண்டாலே முகம் சுளித்த நாளில், ஃபோண்டாவின் முதல் கூட்டாளிகள் சீருடை போட்டவர்கள். துரோகி என்று கத்துகிறவர்கள் இதை ஒருபோதும் கணக்கில் சேர்ப்பதில்லை. 1971 தொடக்கத்தில் டெட்ராய்ட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள், தாங்கள் வியட்நாமில் செய்ததையும் கண்டதையும் சாட்சியமாகச் சொன்ன ‘வின்டர் சோல்ஜர்’ விசாரணைக்கு மேடைமேடையாகப் பேசிப் பணம் திரட்டித் தந்தவர் அவர். அதே ஆண்டு டொனால்ட் சதர்லாண்டோடு சேர்ந்து ‘எஃப்.டி.ஏ.’ என்ற கேலி நாடகக் குழுவை ஹவாய், பிலிப்பைன்ஸ், ஒகினாவா, ஜப்பான் படைத்தளங்களின் வாசலுக்குக் கொண்டுபோனார். அதன் நகைச்சுவைத் துணுக்குகளுக்கு ஊற்று வீரர்களே திருட்டுத்தனமாக அச்சிட்ட செய்தித்தாள்கள். அந்தப் பயணத்தைப் பற்றிய ஆவணப்படம் 1972இல் வந்த வேகத்திலேயே திரையரங்குகளிலிருந்து காணாமல் போனது.

அரசாங்கமும் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தது, வேறு விதத்தில். எஃப்.பி.ஐ. அவர்மேல் கோப்பு திறந்தது, தேசியப் பாதுகாப்பு முகமை அவருடைய தகவல் தொடர்புகளை இடைமறித்தது. ஒரு கூட்டத்தில் அதிபர் நிக்சனைக் கொல்லச் சொல்லி அவர் முழக்கமிட்டதாக ஒரு பொய்க் கடிதத்தை எஃப்.பி.ஐ. தயாரித்துத் திரைப்படச் செய்தியாளர் ஒருவருக்கு அனுப்பியது. அந்தச் செய்தியாளர் அதை வெளியிடவில்லை. 1970 நவம்பரில் கிளீவ்லாந்து விமான நிலையத்தில் போதைமருந்து கடத்தியதாகக் கைது செய்தார்கள். மாத்திரைகள் வைட்டமின்கள் என்று தெரிந்து வழக்கு கைவிடப்பட்டது. கைதின்போது எடுத்த, முஷ்டி உயர்த்திய படம் மட்டும் நிலைத்துவிட்டது. 1972 ஏப்ரலில் ‘க்ளூட்’டுக்காக ஆஸ்கர் மேடை ஏறியவர், சொல்ல நிறைய இருக்கிறது, இன்றிரவு சொல்லப்போவதில்லை என்று மட்டும் சொல்லி இறங்கினார். அவருடைய பொதுவாழ்வின் மிகச் சிறந்த உரை அதுதான் என்பேன்.

மூன்று மாதம் கழித்து ஹனாய்.

இந்தப் பயணத்தை ஒரே மூட்டையாகக் கட்டிப் போற்றவும் தூற்றவும் முடியாது. அவர் போன முதன்மையான காரணம் சிவப்பாற்று வடிநிலத்தின் கரைகள். அமெரிக்கக் குண்டுவீச்சில் அந்தக் கரைகள் சிதைகின்றன, மழைக்காலத்தில் உடைந்தால் லட்சக்கணக்கானோர் மூழ்குவார்கள் என்று செய்திகள் வந்தன. வாஷிங்டன் மறுத்தது. ஐ.நா. பொதுச்செயலர் குர்ட் வால்ட்ஹைமே அந்தக் கோடையில் கவலை தெரிவித்தார். கரைகளை உடைக்கும் யோசனையை நிக்சன் 1972 ஏப்ரலில் தன் ஆலோசகர் கிசிங்கரிடம் கேட்டதும், ஏறத்தாழ 2 லட்சம் பேர் மூழ்குவார்கள் என்று கிசிங்கர் பதில் சொன்னதும் வெள்ளை மாளிகை ஒலிநாடாவில் பதிவாகி, முப்பது ஆண்டுகள் கழித்து வெளிவந்தன. ஆகவே, பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று அவர் போனது சரியான காரியம். ஹனாய் வானொலியில் அமெரிக்க விமானிகளைக் குறித்துப் பேசியது வேறு. போரில் ஒரு தரப்பின் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தவர், அந்தத் தரப்பு சொல்லாமல் விட்டதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச முடியாது. அவர் பேசவும் இல்லை.

பயணத்தின் கடைசி நாளில் விமான எதிர்ப்புப் பீரங்கியின் இருக்கையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்த படம் முட்டாள்தனம். அதை அவரே பின்னர் பலமுறை ஒத்துக்கொண்டார். 1988இல் தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டார். அப்போது கனெக்டிகட்டின் வாட்டர்பரி நகரில் அவருடைய படப்பிடிப்பை முன்னாள் வீரர்கள் எதிர்த்தார்கள். அவர்களை நேரில் சந்தித்து நெடுநேரம் உட்கார்ந்து பேசவும் செய்தார். கேமராவையே தொழிலாகக் கொண்ட ஒருவர், கேமரா எதற்கு வந்திருக்கிறது என்பதை மறந்தது எப்படி என்று வியக்கலாம். என்றாலும் படம் பிடித்த அந்தச் சில நிமிடத்தால் யாரும் சாகவில்லை. போர்க்கைதிகள் ரகசியமாகக் கொடுத்த சீட்டுகளை அவர் காவலர்களிடம் காட்டிக்கொடுத்தார் என்று மின்னஞ்சல்களில் சுற்றிய கதை முழுப் பொய். அதில் பெயர் சொல்லப்பட்ட முன்னாள் கைதிகளே அதை மறுத்தார்கள்.

என் கணக்கில் அவருடைய பெரிய குற்றம் பீரங்கிப் படம் கிடையாது. 1973இல் போர்க்கைதிகள் விடுதலையாகி வந்து, தங்களைச் சித்திரவதை செய்தார்கள் என்று சொன்னபோது, அவர்களை வேஷதாரிகள், பொய்யர்கள் என்றார் ஃபோண்டா. தனிப்பட்ட சம்பவங்கள் நடந்திருக்கலாம், திட்டமிட்ட கொள்கையாக நடக்கவில்லை என்று பின்னர் கொஞ்சம் இறங்கிவந்தார். அதுவும் தவறு. டெட்ராய்ட்டில் ஒரு வீரன் தான் செய்த கொடுமையைச் சொன்னபோது நம்பியவர், இன்னொரு வீரன் தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னபோது நம்ப மறுத்தார். முதல் சாட்சி அவருடைய அரசியலுக்கு உதவியது, இரண்டாவது உதவவில்லை. பீரங்கிப் படத்துக்குக் கேட்ட மன்னிப்பில் கால்வாசி உரப்போடுகூட இதற்கு அவர் மன்னிப்புக் கேட்டதில்லை. 1979இல் வியட்நாமின் புதிய ஆட்சி ஆயிரக்கணக்கானோரை முகாம்களில் அடைத்துவைத்திருப்பதைக் கண்டித்துப் பாடகி ஜோன் பயஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார். போரெதிர்ப்பு இயக்கத்தின் பழைய தோழர்கள் பலர் கையெழுத்திட்டார்கள், ஃபோண்டா மறுத்தார். 1982 கோடையில், அப்போதைய கணவர் டாம் ஹேடன் கலிபோர்னியா சட்டமன்றத்துக்குப் போட்டியிட்ட ஆண்டில், இருவரும் இஸ்ரேலியப் படையெடுப்பு நடந்துகொண்டிருந்த லெபனானுக்கு இஸ்ரேல் தரப்பில் நின்றபடி போய்வந்தார்கள். குண்டுவீச்சுக்கு எதிராக ஹனாய்க்குப் போனவர் பெய்ரூட் விஷயத்தில் மறுபக்கம் நின்றார். ஹேடன் பிற்காலத்தில் அதற்காக வருந்தி எழுதினார். இந்த மூன்றையும் அவருடைய ரசிகர்கள் சொல்வதில்லை. எதிரிகளும் சொல்வதில்லை, அவர்களுக்குப் பீரங்கி ஒன்றே போதும்.

இனி கோதாரும் கோரினும். ழான்-லூக் கோதார், ழான்-பியர் கோரின் இருவரும் ஃபோண்டாவை வைத்து ‘தூ வா பியான்’ படத்தை எடுத்து முடித்த கையோடு, அவரைப் பற்றியே ‘லெட்டர் டு ஜேன்’ (1972) என்று ஒரு படம் எடுத்தார்கள். ஹனாயில் ஃபோண்டா வியட்நாமியர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் ஒரே ஒரு புகைப்படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஐம்பது நிமிடம் அதை அறுத்துப் பார்க்கிறார்கள். இந்த முகபாவம் ‘க்ளூட்’டிலும் இருந்தது, இவர் அப்பாவின் படங்களிலும் இருந்தது, எதையும் அறியாமல் எல்லாவற்றுக்கும் இரங்கும் ஹாலிவுட் முகம் இது என்பது குற்றச்சாட்டு. இரண்டு ஆண்கள், பதில் சொல்ல வாய்ப்பில்லாத ஒரு பெண்ணின் புகைப்படத்துக்குப் பாடம் நடத்துவது எரிச்சலூட்டுகிறது. ஆனாலும் அவர்கள் ஓர் உண்மையைத் தொட்டுவிட்டார்கள். அந்தக் கேட்கும் முகம் நிஜமான ஒரு நடிப்புக் கருவி. அதை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால் தேயும். 1978 தொடங்கி வந்த படங்கள் அந்தத் தேய்மானத்தைக் காட்டுகின்றன. அந்தப் படங்கள்தான் அவருடைய அரசியல் சாதனையின் உச்சம் என்பதும் உண்மை. இந்த முரணைப் பிரித்துச் சொல்வது திறனாய்வாளன் வேலை.

1970களின் நடுவில் ஃபோண்டாவுக்கு ஹாலிவுட்டில் நல்ல வாய்ப்பு வற்றியிருந்தது. தானே தயாரிப்பாளரானார். புரூஸ் கில்பர்ட்டோடு தொடங்கிய ஐ.பி.சி. பிலிம்ஸ், தன் பெயரையே அவரும் ஹேடனும் நடத்திய இந்தோசீன அமைதி இயக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது. முதல் படம் ‘கமிங் ஹோம்’ (1978). போரில் கால் செயலிழந்து சக்கர நாற்காலியில் வந்த ரான் கோவிக் ஒரு கூட்டத்தில் பேசியதைக் கேட்டதில் முளைத்த கதை அது. ஹால் ஆஷ்பி இயக்கினார். தொடக்கக் காட்சியில் உண்மையான ஊனமுற்ற வீரர்கள் கூடி, போனது சரியா, மறுபடி போவாயா என்று தங்களுக்குள் வாதாடுகிறார்கள். ஜான் வொயிட் ஓரமாகப் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அமெரிக்கப் போர்ப்படங்களில் இதற்கு நிகரான தொடக்கம் எனக்குத் தெரிந்து அதிகமில்லை. வொயிட், ஃபோண்டா, திரைக்கதை என மூன்று ஆஸ்கர் கிடைத்தது. அதே இரவில் சிறந்த படமாக ‘தி டீர் ஹண்டர்’ வென்றது வேறு கதை.

அடுத்து ‘தி சைனா சிண்ட்ரோம்’, ஐ.பி.சி.யும் மைக்கேல் டக்ளஸும் சேர்ந்து தந்தது. அணு உலை விபத்தை மூடிமறைக்கும் கதை. 1979 மார்ச் 16இல் வெளியானது. அணுசக்தித் துறையினர் கற்பனை, அவதூறு என்றார்கள். மார்ச் 28இல் பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்டு உலையில் உண்மையாகவே விபத்து நடந்தது. 1980இல் ‘நைன் டு ஃபைவ்’. பாஸ்டனில் அலுவலகப் பெண் ஊழியர்களைத் திரட்டி ‘நைன்டுஃபைவ்’ என்ற அமைப்பைத் தொடங்கிய கேரன் நஸ்பாம் ஃபோண்டாவின் தோழி. கிளீவ்லாந்தில் அந்த அமைப்பின் பெண்களை உட்காரவைத்துப் படக்குழு கேட்டது: முதலாளியைக் கொல்வதாக எப்போதாவது கனவு கண்டதுண்டா? அங்கே கொட்டிய பதில்கள்தான் படத்தின் நடுவில் வரும் மூன்று பழிவாங்கல் கனவுகளாயின. கனத்த சமூகப்படமாக எடுத்தால் போதனையாகிவிடும் என்று பயந்து நகைச்சுவையாக்கினார்கள். லில்லி டாம்லின், டால்லி பார்ட்டன் இருவருக்கும் கொழுத்த வேடங்களை விட்டுக்கொடுத்துவிட்டு, மூவரில் மெலிந்த வேடத்தைத் தயாரிப்பாளரே எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் வசூல். சம ஊதியம், நெகிழ்வான வேலைநேரம், அலுவலகத்திலேயே குழந்தைக் காப்பகம் என்று ஒரு தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலைச் சிரிக்கச் சிரிக்கப் பார்வையாளர் மண்டையில் ஏற்றிய வேறொரு ஹாலிவுட் படத்தை என்னால் சொல்ல முடியவில்லை. நஸ்பாமின் இயக்கம் 1981இல் நாடு தழுவிய தொழிற்சங்கக் கிளையாகவும் வளர்ந்தது. அதற்கான புகழ் தெருவில் நின்று உறுப்பினர் சேர்த்த பெண்களுக்கே உரியது. படம் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

இப்போது நடிப்பைப் பாருங்கள். ‘கமிங் ஹோம்’ சாலி, கணவன் சொல்வதே வேதம் என்றிருந்த ராணுவ அதிகாரியின் மனைவி, மருத்துவமனையில் வீரர்களைப் பார்த்து விழித்துக்கொள்கிறாள். ‘சைனா சிண்ட்ரோம்’ கிம்பர்லி, மிருகக்காட்சிச்சாலைச் செய்திக்கு அனுப்பப்படும் அழகு நிருபர், அணு உலையைப் பார்த்து விழித்துக்கொள்கிறாள். ‘நைன் டு ஃபைவ்’ ஜூடி, கணவன் விட்டுப்போன அப்பாவி, அலுவலகத்தைப் பார்த்து விழித்துக்கொள்கிறாள். மூன்றிலும் ஒரே வரைபடம்: அகன்ற கண், பாதி திறந்த வாய், பிறகு மெல்ல இறுகும் தாடை. கூந்தல் மாறினால் கருத்தும் மாறிவிட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும். பார்வையாளர் தன்னோடு சேர்ந்து விழிக்க வேண்டும் என்பது ஃபோண்டாவின் திட்டம். அரசியலாக அது கெட்டிக்காரத்தனம். கலையாக அது பிரீ டேனியல்ஸைக் கைவிட்டதற்குச் சமம். பிரீ யாராலும் விழிப்பூட்டப்படுகிறவள் இல்லை. அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் மாற முடியவில்லை. அவள் முடிவில் ஊரைவிட்டுப் போகிறாள், அடுத்த வாரமே திரும்பி வரலாம் என்று நமக்குச் சந்தேகம் இருக்கிறது. சாலி, கிம்பர்லி, ஜூடி மூவரையும் பற்றி அப்படி எந்தச் சந்தேகமும் எழுவதில்லை. போராளி நடிகையைக் கெடுத்துவிட்டார் என்ற பழைய புலம்பலை நான் ஏற்கவில்லை. ஐ.பி.சி. இல்லாவிட்டால் இந்தப் படங்களே இருந்திருக்காது. ஆனால் தயாரிப்பாளர் ஃபோண்டா, நடிகை ஃபோண்டாவுக்கு எளிய வேலையைக் கொடுத்தார்.

விதிவிலக்கு சின்னத்திரையில் கிடைத்தது. ஹாரியட் ஆர்னோவின் நாவலிலிருந்து ஏபிசி தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டு 1984இல் ஒளிபரப்பான ‘தி டால்மேக்கர்’. இரண்டாம் உலகப் போர் நாளில் கென்டக்கி மலையிலிருந்து கணவனின் ஆலை வேலைக்காக டெட்ராய்ட்டுக்குப் பெயர்க்கப்படும் கெர்ட்டி என்ற பெண்ணின் கதை. ஐந்து பிள்ளைகள், கையில் ஒரு செதுக்குக் கத்தி. இந்தக் கதையைப் படமாக்க ஃபோண்டா பல ஆண்டுகள் அலைந்தார். மலைக் குடும்பங்களிடம் போய்ப் பழகினார், மரம் செதுக்கக் கற்றுக்கொண்டார். கெர்ட்டி விழித்துக்கொள்ள எதுவும் இல்லை. அவளுக்கு நிலம் தெரியும், மரம் தெரியும், பிள்ளைகளைத் தெரியும். நகரம் அவளுக்குத் தெரிந்தவற்றை ஒவ்வொன்றாகப் பறிக்கிறது. மகள் ரயிலில் அடிபட்டுச் சாகிறாள். இந்தப் படத்தில் ஃபோண்டாவின் முகம் ஏறக்குறைய அசைவதே இல்லை. தோள்கள் நடிக்கின்றன, கைகள் நடிக்கின்றன. பெவர்லி ஹில்ஸின் பணக்காரி மலைநாட்டு ஏழையாக வேஷம் போடுகிறார் என்ற எண்ணம் முதல் பத்து நிமிடத்தில் போய்விடுகிறது. இதற்கு எம்மி கிடைத்தது. ‘க்ளூட்’டுக்கு அடுத்த இடத்தை ஆஸ்கர் வாங்கிய ‘கமிங் ஹோ’முக்குக் கொடுக்காமல் இந்தத் தொலைக்காட்சிப் படத்துக்குத்தான் கொடுப்பேன். இடம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பத்தின் அரசியலைப் பற்றி ஒரு முழக்கம்கூட இதில் கிடையாது, அவர் செய்த மிக ஆழமான அரசியல் படமும் இதுவே.

உடற்பயிற்சி வீடியோவைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1982இல் வந்த முதல் ஒளிநாடாவும் அதன் தொடர்களும் ஒரு கோடிக்கும் மேல் விற்றன. வீட்டில் வீடியோ கருவி வாங்கும் பழக்கத்தையே அது பரப்பியது என்பார்கள். தொடக்க ஆண்டுகளின் லாபம், ஹேடன் நடத்திய பொருளாதார ஜனநாயக இயக்கத்துக்குப் போனது. வாடகைக் கட்டுப்பாடு, நச்சுக் கழிவு எதிர்ப்பு என்று கலிபோர்னியாவில் அது செய்த வேலைகளுக்குக் லட்சக்கணக்கான இல்லத்தரசிகள் தங்களுக்கே தெரியாமல் நிதி கொடுத்திருக்கிறார்கள். குறும்பான, அழகான ஏற்பாடு. அதன் மறுபக்கம் அழகில்லை. அந்த மெலிந்த உடலை லட்சியமாகக் காட்டியவர், இளம்வயது தொட்டுப் பல ஆண்டுகள் உண்டதைக் கக்கும் நோயோடு வாழ்ந்தவர் என்பதைப் பின்னர் அவரே வெளியே சொன்னார். பெண்ணுக்கு அலுவலகத்தில் மரியாதை கேட்ட அதே பத்தாண்டில், அவள் இடுப்பளவுக்கு ஒரு புதிய கண்காணிப்பையும் அவர் விற்றார். பயிற்சி செய்த பெண்கள் பலர் முதன்முதலாகத் தங்கள் உடலின் பலத்தை உணர்ந்தார்கள் என்பதும் மெய். நான் இதை வரவிலும் எழுதுகிறேன், செலவிலும் எழுதுகிறேன்.

1991இல் சி.என்.என். நிறுவனர் டெட் டர்னரை மணந்து நடிப்பை விட்டார். அந்த ஆண்டு பேஸ்பால் மைதானத்தில், டர்னரின் அணிக்காகச் செவ்விந்தியக் கோடரியை வீசுவதுபோல் கையசைத்து ஆரவாரித்தது கேமராவில் பதிவானது. இத்தனைக்கும் 1970இல் அல்கட்ராஸ் தீவை ஆக்கிரமித்த பூர்வகுடிகளைத் தேடிப்போய்ப் பார்த்தவர் அவர். ஜார்ஜியாவில் வளரிளம் பருவக் கர்ப்பத்தைத் தடுக்க 1995இல் தொடங்கிய அமைப்பு, அந்த ஆண்டுகளில் உருப்படியான காரியம். 2005இல் திரைக்குத் திரும்பினார். அதே ஆண்டு குளோரியா ஸ்டைனெம், ராபின் மார்கன் ஆகியோரோடு பெண்கள் ஊடக மையத்தைத் தொடங்கினார். பிறகு ‘கிரேஸ் அண்ட் ஃபிராங்கி’: 2015 முதல் 2022 வரை, ஏழு பருவம், 94 அத்தியாயம். கணவன்மார் இருவரும் ஒருவரையொருவர் காதலித்துப் பிரிந்துபோக, எழுபதைத் தாண்டிய இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் வாழும் கதை. ஐம்பது வயதைக் கடந்த நடிகைக்குப் பாட்டி வேடம் மட்டுமே என்ற ஹாலிவுட் சட்டத்துக்கு இந்தத் தொடர் கொடுத்த அடி பெரிது. நடிப்பில், ஃபிராங்கியாக வரும் டாம்லின் பல இடங்களில் முந்திவிடுகிறார். ஃபோண்டாவின் கிரேஸ், அந்த இறுகிய தாடையையே நகைச்சுவையாகக் கேலி செய்துகொள்வதால் தப்பிக்கிறாள்.

அந்தத் தொடரின் கடைசிப் பருவத்துக்கு முன், 2019 அக்டோபரில், நான்கு மாதம் வாஷிங்டனில் குடியேறினார். பருவநிலை நெருக்கடிக்காக வெள்ளிதோறும் நாடாளுமன்றப் படிகளில் கூட்டம், சட்டமறுப்பு, கைது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஐந்து முறை கைதானார். ஒருமுறை கைவிலங்கோடு நடந்தபடியே பிரிட்டிஷ் திரைப்பட விருது ஒன்றை ஏற்றுக்கொண்டார். இனி புதுத்துணி வாங்கமாட்டேன் என்று சொல்லிப் போட்டுக்கொண்ட சிவப்புக் கோட்டு பிரபலமானது. பணக்கார வெள்ளைக்காரக் கிழவிக்குக் கைது ஒரு விளையாட்டு என்று கேலி செய்தார்கள். அவருக்கு அந்தக் கைதின் விலை குறைவு என்பது சரிதான், அதை அவரும் மறைக்கவில்லை. எனக்குப் பிடித்தது வியாழக்கிழமைகள். ஒவ்வொரு கைதுக்கும் முந்தின மாலை விஞ்ஞானிகளையும் பாதிக்கப்பட்ட ஊர்க்காரர்களையும் உட்காரவைத்து இணைய நேரலையில் கேள்வி கேட்டார். பேச்சில் பெரும்பகுதி அவர்களுடையது. ஹனாய் வானொலியில் தனியாகப் பேசியவர் கற்றுக்கொண்டது அங்கே தெரிகிறது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஃபோண்டா முதல்தர நடிகை. ஆனால் முதல்தரப் படைப்பு என்று நிற்பவை குளோரியா, பிரீ, கெர்ட்டி என்ற மூன்றே. பெரிய நடிகையரின் கணக்கில் அது குறைவு, அந்தக் குறைவுக்கு அவருடைய அரசியல் ஓரளவு காரணம். போராளியாக அவர் அடிக்கடி அவசரக்காரர், சில சமயம் இரக்கமற்றவர். 1973இல் அவர் சொன்ன சொல் இன்றும் அவர்மேல் நிற்கிறது. தயாரிப்பாளராகத்தான் அவர் மேதை. 1978 முதல் 1984 வரையிலான ஆறு ஆண்டுகளில் போர், அணுசக்தி, அலுவலகம், ஆலை நகரம் என்று நான்கு விஷயங்களை, பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டு, கட்டணம் கொடுத்து வருகிற கூட்டத்துக்கு ஏற்றபடி கதையாக்கிக் கொடுத்த வேறு ஒரு நட்சத்திரம் அமெரிக்காவில் இல்லை. அவருடைய பெயர் சொல்லப்படும் இடத்தில் பீரங்கிக்குப் பதில் ஐ.பி.சி. பிலிம்ஸ் நினைவுக்கு வர வேண்டும்.

2022இல் அவர் ஓர் அரசியல் நிதிக்குழுவைத் தொடங்கினார். எண்ணெய் நிறுவனப் பணத்தில் நிற்கும் வேட்பாளர்களை எதிர்த்து, உள்ளாட்சி, மாநில அளவிலான தேர்தல்களில் அது வேலை செய்கிறது. அதே ஆண்டு நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே பிரச்சாரமும் செய்தார். வீடு, பள்ளிகளிலிருந்து 3,200 அடிக்குள் புதிய எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது என்று கலிபோர்னியா சட்டம் போட்டது. அதை வாக்கெடுப்பில் கவிழ்க்க எண்ணெய்த் துறை கையெழுத்துத் திரட்டியது. எதிர்ப் பிரச்சாரத்தில் ஃபோண்டாவும் நின்றார். 2024 ஜூனில் எண்ணெய்த் துறை வாக்கெடுப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, சட்டம் நிலைத்தது. பீரங்கிப் படத்தை அறிந்தவர்களில் நூற்றில் ஒருவருக்கும் இந்தச் செய்தி எட்டியிருக்காது.